பழைய டின்னு இன்னும் இருக்குதுங்களா

காங்கேயத்திலிருந்து முத்தூர் போகும் சாலையில் பகல் இரண்டு மணிக்கு யாரும் நடக்க மாட்டார்கள். வெள்ளாடுகூட வேலமரத்தடியில் படுத்துவிடும். நான் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு லுங்கி, ஒரு பேன்ட், ஒரு போர்வை, இன்னும் ஒரு தடவைகூடப் பூட்டப்படாத ஒரு பூட்டு. உடம்பில் கம்பெனி கொடுத்த வெள்ளை டீ-சர்ட். நெஞ்சுப் பக்கம் ஒரு பச்சை இலை, அதற்குக் கீழே ஐந்து இங்கிலீஷ் எழுத்து. அந்த ஐந்து எழுத்துக்கு உலகத்தில் எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. அதுதான் அதன் பெருமை என்று எங்களை ஏசி அறையில் அரை நாள் உட்காரவைத்து விளக்கியிருந்தார்கள்.

பின்னால் வந்த மொபெட் ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தலையில் துண்டு கட்டியிருந்தார். கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை மாட்டுத் தீவனம்.

"ஏனுங்க, இந்த வெயில்ல எங்கீங்க நடந்து போறீங்க? ஏறிக்குங்க."

ஏறிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் என் சட்டையைப் பார்த்தார்.

"அது என்ன கம்பெனிங்க?"

"எண்ணெய்க் கம்பெனிங்க."

"இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதில்லீங்களே."

பழைய பெயரைச் சொன்னேன்.

"அட, அதுங்களா. மஞ்ச டின்னு. அதை நிறுத்திப்போட்டாங்கன்னு எங்கூட்ல பேசிக்கிட்டாங்களே."

"நிறுத்தலீங்க. பேரை மாத்திப்போட்டாங்க."

"ஏனுங்க? நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துச்சு."

"அதனாலதானுங்க."

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. தோட்டத்துக்குத் திரும்பும் மண் பாதையில் என்னை இறக்கிவிட்டு, "பாத்துப் போங்க" என்று சொல்லிப் போனார். மறுபடி நடந்தேன்.

அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்பெனியின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. பழைய பெயரை எழுதினால் அவர்களுக்குப் பிடிக்காது. புதுப் பெயரை எழுதினால் உங்களுக்குப் பிடிபடாது.

நான் எட்டாவதை முடிக்காதவன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கோயம்புத்தூரைச் சுற்றிக் கிடைத்த வேலையைச் செய்து, கிடைத்த இடத்தில் படுத்து வந்திருக்கிறேன். அதனால் பெயர் மாறிய கம்பெனிகளை உள்ளே இருந்தே பார்த்திருக்கிறேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருந்தபோது அது ஒரு நாள் காலையில் 'குரூப்' ஆகிவிட்டது. பாதி மெஷின் ஓடவில்லை, ஆனாலும் குரூப். அப்புறம் ஒரு லாரி ஆபீசில் கிளீனர். அது 'லாஜிஸ்டிக்ஸ்' ஆனது. அதே லாரி, அதே வழுக்கை டயர். டிரைவர் மட்டும் இனிமேல் ஷூ போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வெறும் காலில் ஓட்டிப் பழகிய மனுஷன் கிளட்ச் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இரண்டு நாள் திண்டாடினார். காந்திபுரத்தில் நான் தட்டுக் கழுவிய மெஸ் 'கஃபே' ஆனபோது நான்கு இட்லி இருந்த தட்டில் இரண்டு இட்லியும் நடுவில் ஒரு கொத்தமல்லித் தழையும் வந்தன. மூன்று இடத்திலும் வேலையாட்களின் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பெயர் மாறிய பிறகும் கிடையாது.

நொடித்துப்போகிற கம்பெனி பெயரை மாற்றி நான் பார்த்ததில்லை. அதற்கு வேறு கவலைகள் இருக்கும். நன்றாக ஓடுகிற கம்பெனிதான் மாற்றும். ஓட்டு வீடு மாடி வீடாகி, கார் இரண்டாகி, பிள்ளை வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஒரு நாள் கேட்டுக்கு மேலே இருக்கிற போர்டை நிமிர்ந்து பார்ப்பான். இத்தனை நாள் சோறு போட்ட பெயர் அன்றைக்குத்தான் அவன் கண்ணில் படும். பட்டதும் கூசும்.

காங்கேயத்துக் கம்பெனியிலும் அதுதான் நடந்தது. தேங்காய் எண்ணெய். பெரிய முதலாளி ஒரு களத்தில் ஆரம்பித்தது. தேங்காயை உடைத்து வெயிலில் காயவைத்து, காய்ந்த பருப்பைச் செக்கில் கொடுத்து, மஞ்சள் டின்னில் அடைத்து விற்றார். டின்னில் அவருடைய குலதெய்வத்தின் பெயர் சிவப்பு எழுத்தில். கீழே ஒரு தென்னை மரம், பக்கத்தில் ஒரு காளை. எண்ணெய்க்கும் காளைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. கொடுமுடி முதல் மதுக்கரை வரை மளிகைக்கடைகளில் அந்த டின் இல்லாத கடை குறைவு.

நான் அங்கே களத்து ஆளாகச் சேர்ந்தேன். பருப்பைக் கிளறிவிடுவதும், மழை வந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் மூடுவதும் வேலை. களத்தோரம் சாக்கு அடுக்கிய கொட்டகையில் படுக்கை. எலி உண்டு, ஆனால் பருப்பு நிறையக் கிடந்ததால் அவை என்னைப் பொருட்படுத்தவில்லை.

பெயர் மாற்றத்துக்குக் காரணமாக மீட்டிங்கில் எங்களுக்குச் சொன்னது அடுத்த கட்டம், உலகச் சந்தை, இளைய தலைமுறை. உண்மைக் காரணத்தை, பெரிய முதலாளியின் மகனான சின்ன முதலாளியின் கார் டிரைவர் சொன்னார். கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனி, பம்ப் கம்பெனி, மில் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் கூடுகிற ஒரு கிளப். அங்கே ஒருவர் இவரிடம் என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார். இவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

"அதுக்கு அவரு, அப்படீங்களா, எங்கூட்டு சமையக்காரம்மா தலைக்கு அதைத்தானுங்க வெக்குது, அப்படீன்னு போட்டாருங்க" என்றார் டிரைவர். "மரியாதையாத்தானுங்க சொன்னாரு. சிரிக்கக்கூட இல்ல. நம்மாளு வண்டில ஏறிப் பல்லடம் தாண்டற வரைக்கும் வாயே தொறக்கலீங்க. தாண்டுனதும், 'பேரை மாத்திரோணும்'னாரு. நான் என் பேரையாக்கும்னு பயந்துபோட்டேன்."

பெங்களூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைமை ஒரு பெண். நல்ல மாதிரிதான். தமிழ் கொஞ்சம் தட்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னால் 'ங்க' சேர்த்தால் இந்த ஊரில் காரியம் நடக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பெரிய திரையில் புதுப் படத்தைக் காட்டினார். வெள்ளைப் பின்னணி, ஒரு பச்சை இலை, ஐந்து எழுத்து. தென்னையில் அப்படி ஓர் இலை கிடையாது. நாங்கள் தேநீர் கொண்டுபோன சாக்கில் கதவோரம் நின்று பார்த்தோம்.

பெரிய முதலாளி வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "இது என்ன எலைங்க?"

"அது இயற்கைங்க சார்."

"இல்லீங்க, எந்த மரத்து எலைன்னு கேட்டனுங்க."

"எந்த மரமும் இல்லைங்க சார். பொதுவான இலைங்க."

பெரிய முதலாளி தலையை ஆட்டினார். "நல்லாருக்குதுங்க" என்றார். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண் தன் நோட்டில் ஏதோ எழுதி, அதற்குக் கீழே கோடு போட்டுக்கொண்டார். சம்மதம் என்று எழுதியிருப்பார்.

அடுத்து, கடைக்காரர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்றார்கள். ஊர் ஊராக அலையத் தெரிந்த, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள் வேண்டும். சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அலையத் தெரியுமா என்று கேட்டால் வேறு என்ன பதில் சொல்வேன்.

"இது மட்டும் நல்லபடியா முடிஞ்சுதுன்னா உங்களைப் பர்மனென்ட் பண்ணிக்கலாமுங்க" என்றார். "பின்னால குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்குது. அதையும் குடுத்தர்லாமுங்க."

அந்த அறையை எனக்குத் தெரியும். எலக்ட்ரீஷியன் இருந்து காலி செய்தது. ஒரு மின்விசிறி, சிமென்ட் அலமாரி, அறைக்குள்ளேயே ஒரு குழாய். அன்று சாயங்காலம் போய் ஜன்னல் வழியாக மறுபடி பார்த்தேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்து திறக்கிற கதவு என்று எனக்கு ஒன்று இருந்ததில்லை. ரேஷன் கார்டு கேட்டால், ஆதாரில் முகவரி மாற்றக் கேட்டால், எழுதிக் கொடுக்க ஒரு கதவு எண் இருந்ததில்லை. சந்தைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்தேன்.

படிவத்தில் நான்கு கட்டம். மிகவும் பிடித்திருக்கிறது, பிடித்திருக்கிறது, பரவாயில்லை, பிடிக்கவில்லை. புதுப் படம் போட்ட அட்டையைக் காட்டி, கடைக்காரர் சொல்வதைக் கேட்டு டிக் அடிக்க வேண்டும். முதல் நாள் கொடுமுடி. கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு மளிகைக்கடை. கல்லாவில் ஓர் அம்மா. அட்டையை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க" என்றார். "உக்காருங்க, காப்பி குடிக்கறீங்களா?"

குடித்தேன். 'மிகவும் பிடித்திருக்கிறது' கட்டத்தில் டிக் அடித்தேன். எழுந்திருக்கும்போது கேட்டார். "ஏனுங்க, பழைய டின்னு இன்னும் இருக்குதுங்களா?"

"இப்போதைக்கு இருக்குதுங்க."

"அப்படீன்னா ஒரு பத்து டின்னு சேத்துப் போட்டுவிடச் சொல்லுங்க."

ஆர்டர் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அடுத்த கடையிலும் நல்லாருக்குதுங்க. அங்கேயும் பத்து டின்.

இரண்டாம் நாள் மதுக்கரை. சிமென்ட் லோடு ஏற்றுகிறவர்கள் சாமான் வாங்குகிற கடை. கடைக்காரர் வாயாடி. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னங்க, சோப்புங்களா?"

"எண்ணெய்ங்க."

"எண்ணெய்ங்களா. நான் கண்ணுக்கு ஊத்தற மருந்துன்னு நெனச்சேன்." பக்கத்தில் பீடி வாங்க நின்றவரிடம் அட்டையை நீட்டினார். "மாமா, இதைத் தலைக்குத் தேச்சா முடி வளருமாங்க?"

"எலை வளரும்" என்றார் அவர்.

இருவரும் சிரித்து முடித்ததும் கடைக்காரர் முகத்தைச் சரிசெய்துகொண்டு என்னிடம் திரும்பினார். "நல்லாருக்குதுங்க. பண்ணுங்க பண்ணுங்க. ரொம்ப ஜோரா இருக்குது. புது போர்டு குடுப்பீங்களா? இங்க மேக்காலெ வெயில் அடிக்குது, பெருசாக் குடுத்தா மறைப்புக்கு ஆகும். அப்புறம் பழைய டின்னு எத்தனை இருந்தாலும் எறக்கிப்போடுங்க."

அந்தக் கடை வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நான் இந்த ஊர்க்காரன். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதை இங்கே கெட்ட வார்த்தை மாதிரி நினைப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் 'கலந்து பேசிச் சொல்றமுங்க' என்றால் அந்த வீட்டுப் பக்கம் மறுபடி போகக்கூடாது. 'பாக்கலாமுங்க' என்றால் பார்க்க மாட்டார்கள். 'நல்லாருக்குதுங்க' என்றால் ஆளைப் பொறுத்து அர்த்தம். கூடவே காப்பியும் வந்தால் சந்தேகமே வேண்டாம். புதுப் பெயரை ஒருவர்கூட ஏற்றுக்கொள்ளவில்லை. அதைப் பழைய டின் கேட்டுத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கோயம்புத்தூர் திரும்பும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். சின்ன முதலாளியிடம் போய், இவர்கள் எல்லாம் வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லலாம். சொன்னால் அவர் படிவத்தைக் கேட்பார். படிவத்தில் எல்லாருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. இருந்தாலும் அடித்துச் சொல்லலாம். சொன்னால் இந்த வேலை நல்லபடியாக முடிந்த கணக்கில் வராது. வேலை நல்லபடியாக முடிந்தால்தான் அறை.

அதனால் கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அத்தனை ஊர் சுற்றி, அத்தனை கடை ஏறி, ஒவ்வொரு படிவத்திலும் பச்சை உண்மையை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மொத்தமாக எடுத்துப் பார்த்தால் என் வாழ்க்கையில் நான் எழுதிய பெரிய பொய் அதுதான்.

கம்பெனியில் ஒரே கொண்டாட்டம். பெங்களூர்ப் பெண் அப்படி ஒரு முடிவைத் தன் அனுபவத்தில் பார்த்ததே இல்லை என்றார். பிடிக்கவில்லை என்று ஒரு டிக்கூடக் கிடையாது. அதோடு பழைய டின் ஆர்டர் வந்து குவிந்தது. இரண்டு ஷிப்ட் ஓட்டியும் போதவில்லை. திரையில் ஒரு கோடு செங்குத்தாக ஏறியது. மாற்றம் வருகிறது என்ற பேச்சிலேயே சந்தை சூடுபிடித்துவிட்டது என்று அந்தக் கோட்டுக்கு விளக்கம் சொன்னார்கள். கடைக்காரர்கள் இனிமேல் இந்த எண்ணெய் வராது என்று பயந்து குடோனை நிரப்புகிறார்கள் என்பதை, கொடுமுடி அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நேராகச் சொல்லியிருக்க மாட்டார்தான்.

அந்தச் சமயத்தில் சின்ன முதலாளியிடம் அறையைப் பற்றி ஒருமுறை கேட்டேன்.

"ஆகட்டுமுங்க, பாத்துக்கலாமுங்க" என்றார்.

ஊரில் இருக்கிற அத்தனை கடைக்காரரின் பேச்சுக்கும் அர்த்தம் கண்டுபிடித்தவன், இதை மட்டும் சரி என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

கடைசியில் பெரிய முதலாளி ஒரு தடை போட்டார். டின்னில் இருப்பது குலதெய்வத்தின் பெயர், அதை எடுப்பதென்றால் அம்மனிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்றார். காங்கேயத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவர்கள் கோயில். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். பூசாரி வீட்டுப் பெண்குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்தது. பிரித்தார்கள். வெள்ளை. பெங்களூர்க்காரர்கள் மூவரும் கை தட்டினார்கள். அந்தக் கோயிலில் யாரும் கை தட்டி நான் கேட்டதில்லை. பெரிய முதலாளி கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு காரில் ஏறினார். அம்மனும் இந்த ஊர்தானே. வீட்டுப் பிள்ளை வந்து கேட்கும்போது முகத்துக்கு நேரே எப்படி மறுக்கும்.

புதுப் பெயர் வந்தது. பலூன் விட்டார்கள், கேக் வெட்டினார்கள், எங்களுக்கு டீ-சர்ட் கொடுத்தார்கள். கேட்டுக்கு மேலே இருந்த அம்மன் பெயரை இறக்கியதே நானும் இன்னொருவரும்தான். இரும்பு போர்டு. நல்ல கனம். டின்னுக்குப் பதிலாக வெள்ளைப் பாட்டில்கள் லாரி லாரியாகக் கடைகளுக்குப் போயின. கடைக்காரர்கள் மாட்டேன் என்று சொல்லவில்லை. இறக்கி வைத்துக்கொண்டார்கள். புது போர்டையும் மாட்டிக்கொண்டார்கள். போர்டுக்குக் கீழே, குடோனிலிருந்து எடுத்துவந்த மஞ்சள் டின்னை வைத்து விற்றார்கள். மதுக்கரைக் கடைக்காரர் வெயில் மறைப்பு ரொம்ப வசதி என்று போன் செய்தே சொன்னார்.

ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. மறு ஆர்டர் வரவில்லை. விற்பனை ஆட்கள் போய்க் கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில். "சரக்கு நல்லாருக்குதுங்க. சொல்லியனுப்பறமுங்க." மூன்றாவது மாதம் களத்தில் பருப்பு தேங்கியது. ஷிப்ட் ஒன்றானது. பெங்களூர்க்காரர்கள் இது வழக்கமாக வருகிற இடைக்காலம் என்று ஒரு மெயில் அனுப்பினார்கள். ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சின்ன முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் என் படிவங்கள் அடுக்கி இருந்தன.

"எல்லாரும் நல்லாருக்குதுன்னுதானுங்க சொன்னாங்க?"

"சொன்னாங்க சார்ங்க."

"அப்புறம் ஏனுங்க ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறாங்க?"

கடைக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவரும் எதிர்பார்த்தார். அறை இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. வேறொரு படிவம் அடித்து, வேறொரு இலையோடு என்னை மறுபடி அனுப்புவார்கள். அந்த அம்மா மறுபடி காப்பி கொடுப்பார். அதை நினைத்ததும் அலுப்பாக இருந்தது.

"அது வேண்டாங்கறதுக்குச் சொல்ற நல்லாருக்குதுங்க சார்ங்க. பழைய டின்னைப் பத்துப் பத்தாக் கேட்டாங்க பாருங்க, அதுதானுங்க பதிலு."

அவர் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"ரெண்டாவது நாளுங்க."

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?"

"ரூம் குடுக்கறன்னு சொல்லியிருந்தீங்க சார்ங்க."

அவர் கோபப்படவில்லை. அவரும் இந்த ஊர்தான். நான்கு வருஷம் வெளிநாட்டில் படித்ததில் காது மட்டும் மாறிப்போயிருந்தது, வாய் அப்படியே இருந்தது.

"பரவால்லீங்க" என்றார். "நீங்களும் ரொம்ப அலைஞ்சு போட்டீங்க. கொஞ்ச நாளைக்கு ஊட்டுக்குப் போயிட்டு வாங்க. நானே சொல்லியனுப்பறனுங்க. ரூமையும் அப்பப் பாத்துக்கலாமுங்க."

மணியை அடித்தார். காப்பி வந்தது. குடித்தேன். டம்ளரை வைத்துவிட்டு, "சரிங்க, வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இந்தத் தடவை எனக்குத் தப்பாகப் புரியவில்லை.

நல்ல கம்பெனிகள் தப்பை ஒத்துக்கொள்வதில்லை, மறுபடி பெயர் மாற்றும் என்று எனக்குத் தோன்றியது. பின்னாளில் கேள்விப்பட்டது அதுதான். வெள்ளைப் பாட்டிலின் ஓரத்தில் மஞ்சள் டின்னின் படத்தைச் சின்னதாக, கொஞ்சம் மங்கலாக அச்சடித்தார்களாம். காளை திரும்பி வந்தது. அதற்குப் 'பாரம்பரியம்' என்று பெயராம், விலை கூடுதலாம், பெங்களூரில் நன்றாகப் போகிறதாம். அந்த யோசனைக்கும் ஒரு குழு வந்ததாம். சின்ன முதலாளிக்குக் கிளப்பில் இப்போது நல்ல மரியாதை என்று டிரைவர் சொன்னார். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. கம்பெனிகளுக்கு அதுதான் வசதி. மனுஷனுக்குத்தான் ஒரு தடவை கெட்டுப்போனால் கெட்டுப்போனதுதான்.

காப்பி குடித்த அன்றே கொட்டகையிலிருந்து என் பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். ஊட்டுக்குப் போகச் சொன்னார், வீடு இல்லை. கொடுமுடி என்று தோன்றியதற்குக் காரணம், கோயிலும் ஆறும் இருக்கிற ஊரில் படுக்க இடம் கேட்க வேண்டியதில்லை. முத்தூர் வரை மொபெட்டிலும் நடந்தும், பிறகு ஒரு டவுன் பஸ்ஸிலும் போய்ச் சேர்ந்தேன். காவிரிப் படித்துறையில் படுத்தவர்களோடு நானும் படுத்தேன்.

காலையில் எழுந்து ஒரு மெஸ்ஸில் வேலை கேட்டேன். "பாக்கலாமுங்க, சாயங்காலமா வாங்க" என்றார்கள். அடுத்த தெருவில் ஒரு லாட்ஜில் கேட்டேன். "ஆள் இப்பத்தானுங்க சேத்தோம், இருந்தாலும் நம்பரைக் குடுத்துட்டுப் போங்க" என்றார் மேனேஜர். கொடுக்கவில்லை. அந்த மளிகைக்கடை அம்மாவிடம் போகலாமா என்று யோசித்தேன். போனால் காப்பி கொடுப்பார். போகவில்லை.

மறுபடி படித்துறைக்கே வந்தேன். பரிகாரத்துக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் துணி படியெல்லாம் சுற்றிக்கொள்ளும். அதை எடுத்துக் கரையில் போட ஒருவர் குத்தகை எடுத்திருந்தார். கரூர்ப் பக்கத்து ஆள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேலைக்கு வராத யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார். போனை வைக்கும்வரை நின்று, வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.

மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

"இங்க தங்க இடமெல்லாம் கிடையாது."

"சரி."

"எறங்கு."

பையைப் படியில் வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் காலையில் சில்லென்று இருந்தது. நாலாவது படிக்குக் கீழே இடுப்பளவு. முதலில் கையில் சிக்கியது ஒரு வேட்டி. அதற்குள் மணல் ஏறி, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு அடுத்ததற்குக் குனிந்தேன்.